பிராக்கெட்டைப் பார்த்து பிராக்கெட் செய்ய முடியாது

எல்லோருக்கும் வணக்கம். இந்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது தொகுப்பாளர் தங்கை என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, துப்பாக்கியைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?" என்பதுதான். துப்பாக்கி இல்லம்மா, அதன் தலையில் தொலைநோக்கியைப் பிடித்து நிற்கும் பிராக்கெட் என்ற ஒரு இரும்புத் துண்டு, அதுவும் பழைய ஒன்றைப் பார்த்துப் புதிதாகச் செய்த துண்டு, அவ்வளவுதான் என்றேன். அதற்கு இவ்வளவு நேரமா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்தது.

நான் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, டூல்ரூம் ஃபிட்டராகி, பிறகு இங்கே பர்மிங்காம் பக்கம் வந்து அதே வேலையைச் செய்து ஓய்வு பெற்றவன். வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பழைய மைஃபோர்ட் லேத், மூலையில் ஒரு சின்ன மில்லிங் மெஷின். மனைவிக்கு அந்த இடத்தில் தக்காளி போட வேண்டும் என்று இன்னும் ஆசை இருக்கிறது.

சில வருடம் முன்பு, பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்க்கும் ஒரு பெரியவர், உரிமத்தோடு வைத்திருப்பவர், கையில் ஒரு கறுப்பு இரும்புத் துண்டோடு வந்தார். இரண்டு வளையம், அவற்றை இணைக்கும் ஒரு முதுகு, கீழே பக்கவாட்டில் இரண்டு கால். "இதே மாதிரி இன்னொன்று செய்து தர முடியுமா?" என்றார். இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு மூன்று மாதம் போனது.

அந்தத் துப்பாக்கி லீ என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 1 (டி). நம் ஊரில் போலீஸ்காரர் தோளில் தொங்கிய த்ரீ-நாட்-த்ரீ நினைவிருக்கிறதா, அதே குடும்பம், அதே .303 தோட்டா. பின்னால் இருக்கும் 'டி' என்றால் தொலைநோக்கி வைத்தது என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் ஸ்னைப்பர், அதாவது மறைந்திருந்து தூரத்துக் குறியைச் சுடுபவர், வைத்திருந்த துப்பாக்கி இது. தொழிற்சாலையில் சுட்டுப் பார்க்கும்போது குறி நன்றாக விழுந்தவற்றை மட்டும் தனியாக எடுத்து 'டிஆர்' என்று முத்திரை குத்தி அனுப்புவார்கள். அவற்றில் பெரும்பங்கு எங்கள் பக்கத்திலேயே, ஷெர்லியில் இருந்த பிஎஸ்ஏ தொழிற்சாலையில் செய்தவை. அங்கிருந்து லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனிக்குப் போகும். பிரபுக்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்து கொடுத்த கம்பெனி அது. அங்கே இருந்த கைதேர்ந்த ஆட்கள்தான் ஒவ்வொரு துப்பாக்கியிலும் தொலைநோக்கி உட்கார இடம் அமைத்தார்கள். 1942-லிருந்து போர் முடியும் வரை, இருபதாயிரத்துக்கும் மேல்.

தொலைநோக்கியின் பெயர் நம்பர் 32. இதை முதலில் பிரென் மெஷின்கன்னுக்காகத்தான் வடிவமைத்தார்கள், அது நடைமுறைக்கு வராமல் போக, ஸ்னைப்பர் துப்பாக்கிக்கு வந்து சேர்ந்தது. தடித்த, கனமான குழாய். இதைச் செய்த கம்பெனிகளில் ஒன்று லெஸ்டர் நகரத்து டெய்லர் டெய்லர் அண்ட் ஹாப்சன். டூல்ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும், மேற்பரப்பின் சொரசொரப்பை அளக்கும் டாலிசர்ஃப் கருவி இவர்களுடையதுதான். அந்தப் பெயரைத் தொலைநோக்கியில் பார்த்தபோது ஊரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. பிராக்கெட்டைச் செய்தவர்களும் சுவாரசியமானவர்கள். கெயின்ஸ்பரோ ஊரில் ரோஸ் பிரதர்ஸ் என்று ஒரு கம்பெனி, சாக்லேட்டுக்குத் தாள் சுற்றும் மெஷின் செய்து பிழைத்தவர்கள். கேட்பரி ரோசஸ் சாக்லேட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே இவர்களால்தான் என்று இங்கே சொல்வார்கள். போர் வந்ததும் லங்காஸ்டர் விமானத்துக்குத் துப்பாக்கிக் கூண்டும் செய்தார்கள், இந்தப் பிராக்கெட்டும் செய்தார்கள்.

சரி, பிராக்கெட் எப்படி உட்காரும்? துப்பாக்கியின் இடது பக்கச் சுவரில் முன்னால் ஒரு பேட், பின்னால் ஒரு பேட், சின்ன இரும்புத் திண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராக்கெட்டின் இரண்டு காலும் அவற்றின் மேல் உட்காரும், விரலால் திருகும் இரண்டு பெரிய திருகு அதை இறுக்கும். ஏன் இப்படிக் கழற்றி மாட்டும் ஏற்பாடு என்றால், சிப்பாய் நடந்து போகும்போது தொலைநோக்கி துப்பாக்கியில் இருக்காது. பிராக்கெட்டோடு சேர்த்துக் கழற்றி, அதற்கென்றே உள்ள தகர உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வார். தேவைப்படும்போது மாட்டுவார், மாட்டினால் குறி பழைய இடத்திலேயே நிற்க வேண்டும். நூறு தடவை கழற்றி மாட்டினாலும் நிற்க வேண்டும். இந்த இரும்புத் துண்டுக்கு வேறு வேலையே கிடையாது.

நான் செய்த முதல் பிராக்கெட்டைப் பற்றிச் சொல்கிறேன். அவர் கொடுத்தது வேறொரு துப்பாக்கியிலிருந்து கடனாக வாங்கி வந்த அசல். அதை மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ் எல்லாம் வைத்து அரை தவ் வரை அளந்து வரைபடம் போட்டேன். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம் தலைமுடி சுமார் மூன்று தவ் இருக்கும். அப்படியே அச்சு அசலாகச் செய்து அவர் வீட்டுக்கு எடுத்துப் போய் மாட்டினோம். திருகு அழகாக ஏறியது. கண்ணை வைத்துப் பார்த்தால், குறிக் கம்பி நடுவில் இல்லை, இடது ஓரத்தில் போய் நின்றுகொண்டிருக்கிறது.

இதை விளக்க வேண்டும். இப்போது கடையில் வாங்கும் தொலைநோக்கியில் எவ்வளவு திருப்பினாலும் குறி நடுவில்தான் தெரியும், உள்ளே இருக்கும் அமைப்பு அந்த வேறுபாட்டை மறைத்துவிடும். நம்பர் 32-இல் அப்படி இல்லை. குமிழைத் திருப்பினால் குறிக் கம்பியே நகரும், அது நகர்வது கண்ணுக்குத் தெரியும். பிராக்கெட் கோணலாக இருந்தால், அதைச் சரிக்கட்டக் கம்பியை ஓரத்துக்குத் தள்ள வேண்டும், அப்புறம் பார்வை வட்டத்தின் ஒரு மூலையில் அது பரிதாபமாக நிற்கும். ஃபிட்டர் செய்த தப்பை அந்தக் கண்ணாடி எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிடும். எனக்கு அந்தத் தொலைநோக்கியின் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

ஒரு கணக்கு. இரண்டு காலுக்கும் நடுவே ஐந்து அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் ஒரு தவ் வெளியே நின்றால், நூறு கஜத்தில் குறி முக்கால் அங்குலம் தள்ளிப் போகும். ஆயிரம் கஜத்தில் ஏழு அங்குலத்துக்கும் மேல். என் பிராக்கெட்டில் எட்டு ஒன்பது தவ் வித்தியாசம் இருந்தது. நான் அளந்ததில் தப்பில்லை. இரண்டு துப்பாக்கிகளின் பேட்டும் ஒன்றுபோல இல்லை, அவ்வளவுதான்.

அசலை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு துப்பாக்கி எண் குத்தியிருந்தது. வளையத்தின் மேல்மூடிகளிலும் எண். துப்பாக்கிக் கட்டையில் கைப்பிடிக்குப் பக்கத்தில் தொலைநோக்கியின் எண். இதையெல்லாம் கணக்கு வைப்பதற்காகக் குத்தியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கணக்குக்கும்தான், ஆனால் அதைவிட முக்கியமாக, இது இதற்கு மட்டும்தான் பொருந்தும், மாற்றிப் போடாதே என்று ஒரு ஃபிட்டர் இன்னொரு ஃபிட்டருக்கு விட்டுப்போன குறிப்பு அது. போருக்குப் பிறகு ராணுவப் பட்டறைகளில் பிராக்கெட்டை வேறு துப்பாக்கிக்கு மாற்றியபோது, பழைய எண்ணை அடித்துவிட்டு அடியில் புது எண் குத்தியிருப்பார்கள், அப்படி இரண்டு எண் உள்ள பிராக்கெட்டுகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. 1970-இல் இதே துப்பாக்கிகளில் ஒரு பகுதியை 7.62 தோட்டாவுக்கு மாற்றி எல்42ஏ1 என்று பெயர் வைத்தபோதும் இதே பிராக்கெட்தான் தொடர்ந்தது, ஃபாக்லாந்து போர் வரைக்கும் போனது.

ஆக இப்போது நான் யாருக்கும் முடிந்த பிராக்கெட் செய்து தபாலில் அனுப்புவதில்லை. கால்களில் பத்துப் பன்னிரண்டு தவ் கூடுதலாக விட்டுவிட்டு, துப்பாக்கி இருக்கும் இடத்துக்கு நானே போகிறேன். பேடில் பிரஷ்யன் புளூ மை லேசாகத் தடவி, பிராக்கெட்டை வைத்து அழுத்தி எடுத்தால் எங்கே தொடுகிறதோ அங்கே நீலம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் அரத்தால், கடைசியில் ஸ்க்ரேப்பரால் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். கணபதியில் லேத் பெட்டுக்குச் செய்த அதே வேலை, அளவு மட்டும் சின்னது. நீலம் முக்கால்வாசிப் பரப்பில் ஒட்டினால்தான் கையை எடுப்பேன்.

அடுத்து ஒரு சோதனை, இதை யாரும் தவிர்க்கக் கூடாது. முன் திருகை மட்டும் இறுக்கிவிட்டு, பின் காலுக்கும் பேடுக்கும் நடுவே ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டு இலை, நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றரை தவ் இலை நுழைந்தால் வேலை முடியவில்லை. பின் திருகை இறுக்கினால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும், வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பிராக்கெட் வில் மாதிரி வளைந்துகொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் வேறு மாதிரி வளையும், குறி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில். கடையில் விற்கும் நகல்களைப் பற்றி வரும் புகாரில் பாதி இதுதான் என்பது என் எண்ணம்.

உலோகத்துக்கு வருகிறேன். அசல் வார்ப்பு இரும்பு, ஆனால் சாதாரண வார்ப்பு இல்லை, மேலியபிள் என்று சொல்வார்கள், வார்த்த பிறகு நாள்கணக்கில் சூளையில் வைத்துப் பதப்படுத்தி முறியாத தன்மை கொடுத்தது. இப்போது நிறையப் பேர் முழு ஸ்டீல் கட்டியிலிருந்து சிஎன்சி-யில், கணினி ஓட்டும் மெஷினில், குடைந்து எடுக்கிறார்கள். உறுதிக்குக் குறைவில்லை, ஆனால் பார்க்கச் சோப்புக் கட்டி மாதிரி இருக்கும். அசலில் வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும், மண்ணச்சின் சொரசொரப்பு மேலே தெரியும். இன்னொரு கூட்டம் அசல் பிராக்கெட்டிலிருந்தே அச்சு எடுத்து ஸ்டீலில் வார்க்கிறது. அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்டீல் ஆறும்போது நூற்றுக்கு இரண்டு பங்கு சுருங்கும், ஆறு அங்குலத் துண்டு என்றால் அரைக்கால் அங்குலம் காணாமல் போகும். மெஷின் செய்ய வேண்டிய இடமெல்லாம் சதை இல்லாமல் வந்து நிற்கும். அச்சைப் பெரிதாகச் செய்து, கால்களிலும் வளையங்களிலும் கூடுதல் சதை வைத்து வார்ப்பவர்கள்தான் விவரம் தெரிந்தவர்கள். நான் எனக்கு மர மாதிரி செய்து ஒரு சின்ன ஃபவுண்டரியில் வார்த்து வாங்குகிறேன், ஐந்தில் ஒன்று ஊதுகுழியோடு, உள்ளே காற்று அடைத்த ஓட்டையோடு, வரும், அது பேப்பர் வெயிட்டாகிவிடும்.

வளையம் குடைவதில் ஒரே விதி, மேல்மூடிகளைத் திருகி இறுக்கிய பிறகு இரண்டு வளையத்தையும் ஒரே பிடிப்பில் குடைய வேண்டும். தனித்தனியாகக் குடைந்தால் மையம் ஒன்றாக நிற்காது, இறுக்கும்போது தொலைநோக்கிக் குழாயே நசுங்கும். அந்தக் குழாய்க்கு எண்பது வயதுக்கு மேல், நசுக்கினால் மாற்று கிடையாது.

மரை விஷயத்தில் நானே ஏமாந்தேன். பேடைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகள் பிஏ, அதாவது பிரிட்டிஷ் அசோசியேஷன் மரை, பழைய பிரிட்டிஷ் கருவிகளில் வருவது. 4 பிஏ என்றால் 3.6 மில்லிமீட்டர் விட்டம், 0.66 மில்லிமீட்டர் பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்), மரையின் கோணம் நாற்பத்தேழரை டிகிரி. நம் மெட்ரிக் அறுபது டிகிரி. பக்கத்து அளவு மெட்ரிக் திருகைப் போட்டால் இரண்டு சுற்று சந்தோஷமாக ஏறும், மூன்றாவதில் கடித்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், பிஏ மரையின் அளவுகளே சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மில்லிமீட்டர் கணக்குதான், அங்குலத்தைக் கட்டிக்கொண்டு அழுத வெள்ளைக்காரன் இதை மட்டும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டான்.

சோவியத்காரர்கள் இதையே வேறு மாதிரி யோசித்தார்கள். மோசின் நாகன்ட் துப்பாக்கியில் 1942-லிருந்து பியு என்ற 3.5 மடங்கு தொலைநோக்கி வைத்தார்கள். கோச்செடோவ் என்பவர் வடிவமைத்த அதன் மவுண்ட், அதாவது தொலைநோக்கியைத் தாங்கும் அமைப்பு, முன்னால் ஒரு உருண்டை மேல் உட்காரும், பின்னால் மேலும் கீழுமாக இரண்டு திருகு. திருகைத் தளர்த்தி இறுக்கி உயரத்தைச் சரிசெய்யலாம். பக்கவாட்டுக் கோணல் இருந்தால் அரமோ தகட்டுத் துண்டோ கொண்டு சரிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான். லட்சக்கணக்கில் செய்ய வேண்டியிருந்தது, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மாதிரி ஆட்களுக்கு எங்கே போவது? அதனால் அதை நகல் எடுப்பது எனக்கு அரை நாள் வேலை. அழகு குறைவு, புத்தி அதிகம் என்று சொல்வேன். ஆனாலும் நம்பர் 32 பிராக்கெட் செய்வதில் இருக்கும் சுகம் அதில் இல்லை.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பிராக்கெட் வாங்கிக்கொண்டு, "என் துப்பாக்கி எண்ணையும் பழைய எழுத்துருவில் குத்திக் கொடுங்கள், கொஞ்சம் துருவும் ஏற்றிவிடுங்கள்" என்றார். எதற்கு என்று கேட்டால் பார்க்க நன்றாக இருக்குமாம். இரண்டு வருடம் கழித்து அது அசல் விலைக்கு ஏலத்தில் நிற்கும், எனக்குத் தெரியாதா? எண்ணைக் குத்துகிறேன், பொருத்தியது நான்தானே, ஆனால் பின் காலின் அடியில், பேட் மறைக்கும் இடத்தில், என் முதல் எழுத்தும் செய்த வருடமும் இருக்கும் என்றேன். அவர் வாங்காமலே போய்விட்டார். அந்தப் பிராக்கெட் பத்துத் தவ் கூடுதல் சதையோடு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

முதலில் வந்த பெரியவருக்கு இரண்டாவதாகச் செய்தது சரியாக உட்கார்ந்தது. குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியாகத் தெருமுனை வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தோம், அப்புறம் தொலைநோக்கியில் பார்த்தோம். கம்பி நடுவில் நின்றது, புகைபோக்கியும் அங்கேயே. கழற்றினோம், டீ குடித்தோம், மாட்டினோம், அங்கேயே. பன்னிரண்டு தடவை கழற்றி மாட்டிய பிறகு, "போதும், திருகு தேய்ந்துவிடும்" என்றார் அவர்.