டெண்டரில் வேகம் மட்டும் போதாது
(தருமபுரியில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாணவச் செல்வங்களே, பேராசிரியப் பெருமக்களே, வணக்கம்.

அரசு டெண்டர் போட்டு வாங்கும் சூப்பர் கம்ப்யூட்டர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1980களில் வானிலை ஆய்வுக்காக அமெரிக்காவிடம் 'க்ரே' என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கேட்டோம். அணு ஆய்வுக்குத் திருப்பிவிடுவோமோ என்ற சந்தேகத்தில், கேட்டதைத் தராமல் திறன் குறைந்த ஒன்றைத்தான், அதுவும் கட்டுப்பாடுகளோடு, கொடுத்தார்கள். 1988-ல் நாமே கணினி உருவாக்க சி-டாக் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் பிறந்தது. 1991-ல் அது உருவாக்கிய சூப்பர் கம்ப்யூட்டர் 'பரம் 8000' வந்துவிட்டது. சுடுசொல் பட்டவன் எழுந்து நின்ற கதை அது.

2015-ல் மத்திய அரசு 4,500 கோடி ரூபாயில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2022-ல் திருச்சி என்.ஐ.டி.க்கு 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் கிடைத்தது. வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். கேட்கவே மலைப்பாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் டெண்டர் போடுகிறவர்கள் அந்த எண்ணிலேயே நின்றுவிடக் கூடாது. ஒரே வகைச் சமன்பாடுகளைத் தீர்க்கவைத்து அளக்கும் வேகம் வேறு. நம் ஆய்வாளரின் நிரல் அதில் ஓடும் வேகம் வேறு. ஒப்பந்தத்துக்கு முன் அந்த நிரல்களையே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். இராப்பகலாக ஓடும் இயந்திரம் கொதிக்கும். குளிர்விக்கவே தனி மின்சாரம் வேண்டும். அதோடு பராமரிக்க ஆள், பழுதுபார்க்க உதிரிபாகம், பயிற்சி. இவற்றுக்குப் பணம் ஒதுக்காமல் இயந்திரத்தை மட்டும் வாங்குவது, மாட்டை வாங்கிவிட்டுத் தீவனத்தை மறப்பது.

நமக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். வானிலைக் கணிப்பில் நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள். கட்டம் 12 கிலோமீட்டர் என்றால் தருமபுரியும் அதியமான்கோட்டையும் ஒரே கட்டத்தில் விழக்கூடும். இங்கே பெய்து அங்கே காய்வது கணக்கில் தெரியாது. 2024-ல் புனேயிலும் நொய்டாவிலும் 850 கோடி ரூபாயில் வானிலைக்கான 'அர்கா', 'அருணிகா' சூப்பர் கம்ப்யூட்டர்கள் நிறுவப்பட்டன. அதன்பின்தான் 6 கிலோமீட்டர் கட்டக் கணிப்பு நடைமுறைக்கு வந்தது. மானாவாரியில் ராகியும் சாமையும் விதைக்கிற நம் விவசாயிக்கு இது உயிர்ப் பிரச்சினை.

எனக்குள்ள ஆதங்கம் ஒன்றுதான். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய இயந்திரத்தின் நேரம் பெரிய கல்வி, ஆய்வு நிறுவனங்களோடு முடிந்துவிடக் கூடாது. செட்டிக்கரையிலோ பர்கூரிலோ படிக்கும் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. இயந்திரம் இங்கே வர வேண்டியதில்லை. இணையம் வழியே திருச்சி இயந்திரத்தில் வேலை ஓட்டலாம். வாங்கும் உத்தரவிலேயே மாவட்டக் கல்லூரிகளுக்கு இத்தனை மணி நேரம் என்று எழுதிவையுங்கள் என்று அரசைக் கேட்போம். பேராசிரியர்களே, பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தாரோடு உட்கார்ந்து, நம் மண்ணுக்கும் மழைக்குமான ஒரு கணக்கை இப்போதே எழுதத் தொடங்குங்கள். கேட்கப் போகும்போது கையில் வேலை இருக்கட்டும்.