வெண்டி வாசர்ஸ்டைன் வன்னிக்கு எதற்கு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வன்னியின் முள்ளியவளையிலிருந்து, உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெண்டி வாசர்ஸ்டைன் நவீன பெண்களைப் பற்றி எழுதியவர் என்கிறார்கள். அமெரிக்காவில் படித்த, வசதியான பெண்களின் கதை எங்களுக்கு எதற்கு?"

நியாயமான கேள்வி, தங்கச்சி. வசதியான பெண்கள் என்பது உண்மைதான். அமெரிக்க நாடகாசிரியரான வாசர்ஸ்டைன் 1950இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். பெண்கள் கல்லூரி ஒன்றில் படித்துவிட்டு யேல் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றார். நாடகம் முடிந்து நடிகர்கள் வரிசையாக வந்து வணங்கும்போது மேடை முழுக்கப் பெண்களாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதில் பிறந்ததுதான் 1977இல் நியூயோர்க்கில் மேடையேறிய 'அன்காமன் விமன் அண்ட் அதர்ஸ்'. கல்லூரித் தோழிகள் ஓர் உணவகத்தில் கூடிப் பழையதைப் பேசுகிறார்கள். ஆண் ஒருவர்கூட மேடைக்கு வருவதில்லை, குரல் மட்டும்தான் கேட்கும்.

இப்போது உங்கள் ஊரைப் பாருங்கள். கோவலன் கூத்தை முள்ளியவளைக்காரருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் மரபாகக் கண்ணகிக்கும் மாதவிக்கும் சேலை கட்டி ஆடியவர்கள் ஆண்கள். அந்தக் கலைஞர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. என்றாலும் கண்ணகியின் கோபத்தைக்கூட ஆண் குரலில்தானே கேட்டு வளர்ந்தோம்?

சரி, வாசர்ஸ்டைனின் இன்னொரு நாடகம் 'தி ஹைடி குரோனிக்கிள்ஸ்'. 1989இல் புலிட்சர் பரிசும் டோனி விருதும் பெற்றது. சிறந்த நாடகத்துக்கான டோனியைத் தனியாக வென்ற முதல் பெண் இவர்தான். நாயகி ஹைடி ஓவிய வரலாறு கற்பிப்பவள். இரண்டாம் அங்கத்தில், படித்த பள்ளியின் விருந்தில் பேச எழும்புகிறாள். கையில் எழுதிய உரை இல்லை. உடற்பயிற்சி நிலையத்தின் உடைமாற்றும் அறையில் மற்றப் பெண்களைப் பார்த்துத் தான் குறுகிப்போனதைச் சொல்லத் தொடங்குகிறாள். கடைசியில், தனித்துவிடப்பட்டதாக உணர்கிறேன், நாங்கள் எல்லாரும் ஒன்றாக நிற்கிறோம் என்றல்லவா நினைத்திருந்தேன் என்கிறாள். அந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிற அக்காவுக்கும், விடியமுன் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைக்கும், நுண்கடன்காரருக்குப் பதில் சொல்கிற அம்மாவுக்கும் அந்தத் தனிமை நன்றாக விளங்கும். பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று படிவத்தில் எழுதிவிடுகிறோம். அந்தப் பெண்ணே எழும்பிப் பேசுகிற நாடகம் எங்களிடம் போதாது.

ஹைடி கடைசியில் ஒரு குழந்தையைத் தத்தெடுப்பதைப் பெண்ணியவாதிகள் பலர் கண்டித்தார்கள். எனக்கும் அந்த முடிவு அவசரமாகத்தான் படுகிறது. வாசர்ஸ்டைன் தாமும் 1999இல், 48 வயதில், தனித்தாயாக மகளைப் பெற்றார். 2006இல் புற்றுநோயால் இறந்தபோது வயது 55தான்.

தங்கச்சி, ஒரு வேலை தருகிறேன். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்து, அதிகாரிகள் போனபிறகு, நான்கு பெண்கள் கதிரை அடுக்குகிறார்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சை எழுதி அனுப்புங்கள். நடிக்கப்போவதும் பெண்களாகவே இருக்கட்டும்.