வளைகுடா நீரோட்டம் கணினிக்குள் ஏன் வழி தவறியது?

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு நீரோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் வடக்கே ஓடும் வளைகுடா நீரோட்டம். புளோரிடா நீரிணையில் மட்டும் நொடிக்கு சுமார் 3 கோடி கன மீட்டர் தண்ணீர்! வட கரோலினாவின் ஹட்டராஸ் முனைக்கு வந்ததும் அது கரையை விட்டு நடுக்கடல் பக்கம் திரும்பிவிடுகிறது.

கணினியில் மட்டும் அது திரும்ப மறுத்தது. 1960களில் பிரின்ஸ்டனில் கிர்க் பிரையன் கடலைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட வழி காட்டினார். அவருக்குப் பின் வந்த பல கணினி மாதிரிகளிலும் நீரோட்டம் கரையை ஒட்டியே மேலே போனது. வெதுவெதுப்பான நீர் இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டினால், அதன் மேலுள்ள காற்றும் மழையும் தப்பாகத்தானே வரும்?

காரணம் கட்டத்தின் அளவு. ஒரு கட்டத்தின் பக்கம் 100 கிலோமீட்டர். நீரோட்டத்தின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். பெரிய கண் வலையில் நெத்திலி பிடிபடாது அல்லவா? பக்கத்தை 10 கிலோமீட்டராகக் குறைத்த பிறகு, 2000 வாக்கில், நீரோட்டம் பெரும்பாலும் சரியான இடத்தில் திரும்பியது. சரி, எல்லா மாதிரியையும் அப்படியே செய்யலாமே என்று கேட்பீர்கள். பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 4 மடங்கு. ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலான நேரத்தையும் பாதியாக்க வேண்டும். ஆக வேலை 8 மடங்கு. நூற்றாண்டுக் கணக்கில் ஓட்ட வேண்டிய மாதிரிக்கு இது தாங்காது. அதனால்தான் பெரிய கட்டத்தில் பிடிபடாத சிறு நீர்ச்சுழல்களின் சராசரி விளைவைச் சூத்திரமாகச் சேர்க்கிறார்கள். 1990ல் ஜென்ட்டும் மெக்வில்லியம்ஸும் தந்த சூத்திரம் இன்றும் புழங்குகிறது.

ஆனால் கணினியை மட்டும் நம்பக் கூடாது என்பதே என் கட்சி. அட்லாண்டிக்கின் மேல்கீழ்ச் சுழற்சியைப் பாருங்கள்; வெதுவெதுப்பான நீர் மேலாக வடக்கே போய், குளிர்ந்து மூழ்கி, ஆழத்தில் தெற்கே திரும்பும் ஓட்டம் அது. 2004 முதல் 26.5 டிகிரி வட அட்சத்தில், கடலுக்குள் நங்கூரமிட்ட கருவிகள் அதை இடைவிடாமல் அளக்கின்றன. சராசரி நொடிக்கு சுமார் 1.7 கோடி கன மீட்டர். ஆனால் முதல் ஓராண்டிலேயே அது 40 லட்சத்துக்கும் மூன்றரைக் கோடிக்கும் இடையே ஏறி இறங்கியது! அதற்கு முன் எப்போதாவது ஒரு கப்பல் போய் எடுத்த அளவை வைத்துத்தான் சுழற்சி குறைகிறதா என்று வாதிட்டார்கள்.

இந்த நூற்றாண்டில் அது வலுவிழக்கும் என்பதில் மாதிரிகள் ஒத்துப்போகின்றன. எவ்வளவு என்பதில் ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டையைத் தீர்க்கக் கருவிகள் அங்கேயே இருக்க வேண்டும். புது சூப்பர் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் பணம், உப்புநீரில் அரிக்கும் சங்கிலியை மாற்றவும் ஆண்டு தவறாமல் கிடைக்க வேண்டும்.