புராஸ்டேட் ஆபரேஷனுக்கு முன் எந்த ஸ்கேன், எதற்காக?

நேயர்களுக்கு வணக்கம்.

பயாப்சியில் புராஸ்டேட் புற்றுநோய் என்று வந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் கேட்பது, "எப்போது ஆபரேஷன்?" என்றுதான். மருத்துவருக்கு அதற்கு முன்பே ஒன்று தெரிந்தாக வேண்டும்: நோய் சுரப்பிக்குள் அடங்கி இருக்கிறதா, நிணநீர் முடிச்சுக்கோ எலும்புக்கோ போய்விட்டதா? எலும்புக்குப் போயிருந்தால் சுரப்பியை எடுப்பதால் மட்டும் நோய் குணமாகாது. சிறுநீர் அடக்க முடியாமை, ஆண்மைக் குறைவு போன்ற பின்விளைவுகள் மட்டும் மிஞ்சலாம். அதனால்தான் ஸ்கேன் விஷயத்தில் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

பல பத்தாண்டுகளாக இதற்கு இரண்டு பரிசோதனைகள்தான் வழக்கம்: சி.டி. ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும். சி.டி.யில் நிணநீர் முடிச்சின் அளவைப் பார்ப்பார்கள். ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகப்படுவார்கள். ஆனால் அதைவிடச் சிறிய முடிச்சிலும் புற்றுநோய் இருக்கும், சாதாரண அழற்சியால் வீங்கிய முடிச்சும் உண்டு. எலும்பு ஸ்கேன் புற்றுநோயை நேரடியாகக் காட்டுவதில்லை, எலும்பு எங்கே புதிதாக வளர்கிறதோ அந்த இடத்தைக் காட்டும். மூட்டுத் தேய்மானமும் பழைய எலும்பு முறிவும் அதில் பளிச்சென்று தெரியும். எழுபது வயதுக்காரருக்கு இவை இல்லாமலா இருக்கும்?

இப்போது வந்திருப்பது பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன். பி.எஸ்.எம்.ஏ. என்பது புராஸ்டேட் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம். புற்றுநோய் செல்களில் பெரும்பாலும் மிக அதிகமாக இருக்கும். அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தோடு கேலியம்-68 போன்ற கதிரியக்கப் பொருளை இணைத்து, ரத்தக் குழாயில் ஊசியாகப் போடுவார்கள். சுமார் ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். முடிச்சு, எலும்பு இரண்டையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம்.

இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது ஆஸ்திரேலியாவில் நடந்த 'புரோ பி.எஸ்.எம்.ஏ.' ஆய்வு. மெல்போர்னின் பீட்டர் மெக்கல்லம் புற்றுநோய் மையத்தின் தலைமையில் 10 மருத்துவமனைகள் சேர்ந்து செய்தன. நோய் பரவியிருக்கும் அபாயம் அதிகமாக இருந்த 302 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். 2020-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. பழைய முறையின் துல்லியம் 65 சதவீதம், புதியதன் துல்லியம் 92 சதவீதம். கதிர்வீச்சும் பாதிக்கும் குறைவு: 19.2 மில்லிசீவர்ட்டுக்குப் பதில் 8.4.

என்னை அதிகம் தொட்டது இன்னொரு எண். "சந்தேகமாக இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியாது" என்று முடிந்த ரிப்போர்ட்டுகள் பழைய முறையில் 23 சதவீதம், புதியதில் 7 சதவீதம். அப்படி ஒரு ரிப்போர்ட்டோடு அடுத்த பரிசோதனைக்காகக் காத்திருக்கும் குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். அந்த வேதனை குறைவதே பெரிய விஷயம். ஆஸ்திரேலியா 2022 ஜூலை முதல் அரசு மருத்துவக் காப்பீட்டிலேயே இந்த ஸ்கேனைச் சேர்த்துவிட்டது.

சரி, பெட் ஸ்கேன் சுத்தமாக வந்துவிட்டால் நிம்மதியாக இருந்துவிடலாமா? கூடாது. கலிபோர்னியாவின் இரண்டு பல்கலைக்கழக மருத்துவமனைகளில், இந்த ஸ்கேனுக்குப் பிறகு அறுவை செய்துகொண்ட 277 பேரின் முடிச்சுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஸ்கேன் சந்தேகப்படாதவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு முடிச்சில் நோய் இல்லை. ஆனால் உண்மையில் முடிச்சில் நோய் இருந்தவர்களை எடுத்துக்கொண்டால், 100-க்கு 40 பேரைத்தான் ஸ்கேன் முன்கூட்டியே பிடித்திருந்தது. ஓரிரு மில்லிமீட்டர் படிவுகள் எந்தப் படத்திலும் சிக்குவது கடினம். ஆகவே ஸ்கேன் நன்றாக இருந்தும் "முடிச்சுகளையும் எடுக்க வேண்டும்" என்று சர்ஜன் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். அதில் நியாயம் இருக்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். இதில் பயன்படும் சில மருந்துகள், குறிப்பாக ஃப்ளோரின்-18 சேர்ந்த ஒரு வகை, விலா எலும்பில் காரணமில்லாமல் மங்கலான புள்ளிகளைக் காட்டும். அப்படிப்பட்ட ஒற்றைப் புள்ளியை மட்டும் நம்பி, குணமாகக் கூடிய ஒருவருக்கு ஆபரேஷனை மறுத்துவிடக் கூடாது. சி.டி.யோடும் எம்.ஆர்.ஐ.யோடும் ஒப்பிட்டு, தேவையானால் அங்கேயே பயாப்சி எடுத்துப் பார்க்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யின் வேலை வேறு. நோய் சுரப்பியின் உறையைத் தாண்டியிருக்கிறதா, விந்துப்பையைத் தொட்டிருக்கிறதா, பக்கத்தில் ஓடும் நரம்புகளைக் காப்பாற்ற முடியுமா என்பதை அது நுணுக்கமாகக் காட்டும். பெட் எடுத்தாயிற்றே என்று இதை விட்டுவிட முடியாது. முடிந்தால் பயாப்சிக்கு முன்பே எடுப்பது நல்லது. பயாப்சியில் கசியும் ரத்தம் சில வாரங்களுக்குப் படத்தைக் குழப்பும்.

அப்புறம், எல்லோருக்கும் பெட் ஸ்கேன் தேவையில்லை. கிளீசன் (பயாப்சியில் நோயின் வீரியத்துக்குத் தரும் மதிப்பெண்) 6, பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை அளவு) 10-க்குக் கீழே, கட்டியும் சிறியது என்றால் நோய் பரவியிருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. அவர்களில் பலருக்கு உடனே ஆபரேஷன்கூட வேண்டாம், கவனமாகக் கண்காணித்து வந்தால் போதும். "எதற்கும் ஒன்று எடுத்துவிடுவோமே" என்று கடன் வாங்கிச் செலவு செய்வதற்கு முன், "இதன் முடிவால் என் சிகிச்சை மாறுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாறாது என்றால் அந்தப் பணம் வீட்டிலேயே இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.