மழையே இல்லாத புயல்: தெவாண்டெபெக் வளைகுடாவின் வாடைக்காற்று

(காட்சி: பளிச்சென்ற நீல வானம், கீழே நுரைத்துக் கொந்தளிக்கும் கடல்)

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆனால் கப்பல்களுக்குப் புயல் எச்சரிக்கை விடப்பட்டிருக்கிறது. மெக்சிகோவின் தெற்கே, பசிபிக் கரையில் உள்ள தெவாண்டெபெக் வளைகுடாவில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இப்படி அடிக்கடி நடக்கும்.

(காட்சி: வரைபடம், வடக்கிலிருந்து இறங்கும் நீல அம்புகள்)

இந்தக் காற்று பிறப்பது வெகு தொலைவில். குளிர்காலத்தில் கனடா, அமெரிக்கா பக்கமிருந்து குளிர்ந்த கனமான காற்று இறங்கி, மெக்சிகோ வளைகுடாவில் குவிகிறது. அங்கே அழுத்தம் ஏறுகிறது. பசிபிக் பக்கம் வெப்பம் அதிகம், அழுத்தம் குறைவு. காற்று அங்கே பாயத்தான் பார்க்கும். ஆனால் குறுக்கே சியரா மாத்ரே மலைகள் நிற்கின்றன, பல இடங்களில் 2,000 மீட்டருக்கும் மேலே. இருக்கும் ஒரே திறப்பு சிவேலா கணவாய். உயரம் 250 மீட்டர் அளவுதான். அந்த இடத்தில் கடலுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் நிலமும் சுமார் 200 கிலோமீட்டர் அகலம்தான். தேங்கி நின்ற காற்றெல்லாம் அந்த வழியாக முண்டியடித்து வருகிறது. ஈரத்தை வடக்குச் சரிவிலேயே மழையாக இறக்கிவிடுவதால், தெற்கே வந்து சேரும்போது வறண்டிருக்கிறது. மழை இல்லாத புயலுக்குக் காரணம் அதுதான்.

(காட்சி: நெடுஞ்சாலை ஓரம் கவிழ்ந்து கிடக்கும் லாரி)

கணவாயை விட்டு இறங்கியதும் முதலில் அடி வாங்குவது லா வென்டோசா ஊர். மோசமான நாட்களில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். சுமை ஏற்றாத லாரிகள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிடும். பக்கத்தில் லா வென்டாவில் 1994இல் 7 காற்றாலைகளை நட்டார்கள். இன்று சமவெளி முழுக்கக் காற்றாலைகள்தான். ஆனால் எங்களைக் கேட்டா எங்கள் நிலத்தில் நட்டீர்கள் என்று இங்குள்ள பூர்வகுடிகளான சபோடெக், இகூட்ஸ் மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

(காட்சி: செயற்கைக்கோள் படம், கடலில் பச்சைத் திட்டுகள்)

சரி, கடலில் என்ன ஆகிறது? காற்று மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீரைக் கலக்கித் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. கூடவே சத்துகளும் வருகின்றன. நுண்தாவரங்கள் பெருகிக் கடல் பச்சை பூக்கிறது, மீன்கள் கூடுகின்றன.

கரையோர ஊரான சான் மத்தேயோ தெல் மாரின் இகூட்ஸ் மீனவர்கள் இந்தக் காற்றையே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். கரையில் நின்று பட்டம் விடுவார்கள். வாடைக்காற்றில் பட்டம் கடல் பக்கம் பறக்க, கயிற்றில் கட்டிய வலையும் அதோடு அலைகளைத் தாண்டிப் போகும். அப்புறம் கரையிலிருந்தே வலையை இழுத்துவிடுவார்கள். படகே தேவையில்லை. இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

மே மாதத்துக்கு மேல் கதை மாறும். வாடை ஓய்ந்து, மழையும் சூறாவளிகளும் தொடங்கும். 2022 மே 30இல் இந்த ஊர்கள் இருக்கும் வஹாக்கா மாநிலத்தின் கரையை அகாதா சூறாவளி தாக்கியது.

சூறாவளியின் பாதையைக் கணிப்பது சிரமம். வாடை அப்படியில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும். டெக்சாஸைக் கடந்து குளிர்க்காற்று மெக்சிகோ வளைகுடாவில் இறங்குவது தெரிந்தாலே, ஓரிரு நாள் முன்பே வளைகுடாவின் துறைமுக நகரமான சாலினா குரூஸ் பக்கம் சிறு படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிக்க முடியும்.