கடிதத்தில் எழுதாத கணக்கு

அன்பர்களே, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழிக் கடிதக் கட்டு ஒன்று கைக்கு வந்தால் முதலில் உறைகளைத் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. தபால்தலை சேர்க்கும் பேரப்பிள்ளைகள் கத்தரித்திருப்பார்கள். அதோடு ஊரும் தேதியும் போச்சு. உள்ளே தேதி இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். 1918 தொடக்கம் வரை ரஷ்யாவில் பழைய நாட்காட்டிதான், நியூயார்க்குக்கு 13 நாள் (1900க்கு முன் 12 நாள்) பின்தங்கியது. பக்திமான்கள் தேதிக்குப் பதில் யூத வேதமான தோராவில் அந்த வாரம் வாசிக்கும் பகுதியின் பெயரையே போட்டுவிடுவார்கள்.

அப்போது எழுத்துக்கூட்டல்தான் கைகொடுக்கும். ஓய்வுநாளைக் குறிக்கும் ‘ஷாபெஸ்’ எபிரேயச் சொல்; வழக்கப்படி மூன்றே எழுத்து. சோவியத் பள்ளியில் படித்த பிள்ளை அதையே ஒலித்தபடி ஐந்தெழுத்தில் எழுதும். ஐந்தைக் கண்டால் கடிதம் சோவியத் பக்கத்திலிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அமெரிக்காவின் 1924 குடியேற்றச் சட்டம் வாசலை ஏறக்குறைய அடைத்த பிறகு, பாதிப் பேர் இங்கும் பாதிப் பேர் அங்குமாகப் பிரிந்த யூதக் குடும்பங்களுக்குக் கடிதம் மட்டுமே மிச்சம். நியூயார்க் பிராங்க்ஸில் தையல் தொழிலாளர்கள் கூட்டுறவு வீடுகளுக்குக் குடிபோனது அதற்கடுத்த ஆண்டுகளில். ‘நாலு அறை, எதிரே பூங்கா’ என்று ஊருக்கு எழுதலாம்; அந்த நாலு அறைக்குப் பின்னால் இருந்த கணக்கைக் கூட்டுறவுச் சங்கப் பேரேட்டில்தான் பார்க்கவேண்டும். தையல் தொழிற்சங்கத்தின் பெயரில் ஏப்ரஹாம் கசான் நடத்திய அமால்கமேட்டட் கூட்டுறவுக் குடியிருப்பில், 1927இல், அறைக்கு 500 டாலர் பங்குத்தொகை, மாதம் சுமார் 11 டாலர். நாலு அறைக்கு 2,000 டாலரும் மாதம் 44-ம். முழுத்தொகை இல்லாதவருக்குத் தொழிற்சங்க வங்கி கடன் கொடுத்தது. 1926 மாநிலச் சட்டப்படி லாபப்பங்குக்கு 6 சதவீத உச்சவரம்பு. பதிலுக்கு 20 ஆண்டு சொத்துவரிச் சலுகை. காலிசெய்தால் பங்கைச் சங்கத்திடமே திருப்பித் தரவேண்டும், வெளிச்சந்தையில் விற்கமுடியாது. ஆகவே கடிதத்தில் ‘சொந்த வீடு’ என்று வந்தால் பத்திரம் பதிந்த வீடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அலர்ட்டன் அவென்யூவில் இடதுசாரித் தொழிலாளர்கள் கட்டிய ‘கூப்ஸ்’ என்ற கூட்டுறவுக் குடியிருப்பு வேறு கதை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் மாதத் தொகை கட்டமுடியாதவரை வெளியேற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. மனிதத்தன்மைதான், ஆனால் அடமானத் தவணை யாருக்காகவும் நிற்பதில்லை. 1943இல் அறைக்கு மாதம் 1 டாலர் கூட்டினால் கட்டடம் கைவிட்டுப் போகாது என்ற நிலை. குடியிருந்தவர்கள் ஓட்டுப்போட்டு மறுத்தார்கள். கட்டடம் அடமானக்காரர் கைக்குப் போனது. பங்குதாரர்கள் அதே வீட்டில் வாடகைக்காரர்கள் ஆனார்கள். முகவரி மாறவில்லை, அதனால் உறையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.