இந்தப் பணம் யாருடையது?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் வழக்கறிஞர் இல்லை. சிங்கப்பூரில் நாடகம் போடும் சின்னச் சின்னக் குழுக்களுக்கு வெகுநாளாகக் கணக்கு எழுதி வருபவள். பேச அழைத்தபோது, கலையைப் பற்றிப் பேசத்தான் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, நான் காசைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு மேடை நாடகம் போட முனைந்தோம். குழுவுக்குப் பெயர் இருந்தது, சின்னம் இருந்தது, வாட்ஸ்அப்பில் இரவு பகலாகப் பேச்சு இருந்தது. பதிவு மட்டும் இல்லை. பதிவு இல்லாத குழு சட்டத்தின் பார்வையில் ஓர் ஆள் அன்று. அதன் பெயரில் பணம் வைத்திருக்க முடியாது, ஒப்பந்தம் போட முடியாது. அதனால் மானியக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் எங்கள் இயக்குநர். மானியமும் நன்கொடையும் வந்து சேர்ந்தது அவருடைய சம்பளக் கணக்கில். அவரைவிட நேர்மையானவரை நான் பார்த்ததில்லை. எழுதி வாங்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

அரங்கேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போனவர், மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கை, அவர் இறந்த செய்தி தெரிந்ததும் வங்கி பொதுவாக முடக்கிவிடும். நீதிமன்றத்தின் அனுமதிப் பத்திரம் வரும்வரை பெரும்பாலும் மனைவி மக்களாலும் எடுக்க முடியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி வங்கி அறிக்கையை மேசையில் விரித்துவைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். சம்பளம், மகளின் பள்ளிக் கட்டணம், மானியத்தின் முதல் தவணை, மின்சாரக் கட்டணம், பட்டுப்புடவை வாடகை. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. "இதுல எது உங்களுது, எது எங்களுது? நீயே சொல்லும்மா" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை.

நாடகத்தைக் கைக்காசு போட்டு நடத்தினோம். மிருதங்கக்காரருக்குப் பணம் போய்ச் சேர ஒன்பது மாதம் ஆயிற்று. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குப் போகவே எனக்குப் பல நாள் கூச்சமாக இருந்தது.

"நமக்குள்ள என்ன அக்ரிமெண்ட்?" என்று கேட்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. நாங்களும் அப்படித்தான் கேட்டோம். ஆனால் ஒப்பந்தம் எழுதுவது நண்பனைச் சந்தேகிப்பதற்காக இல்லை. நண்பன் இல்லாத நாளில், அவன் குடும்பத்தை அந்த மேசைமுன் உட்கார வைக்காமல் இருப்பதற்காக.

சரி, என்ன எழுதுவது? ஒரு பக்கம் போதும். முதல் வரி இதுதான்: "இந்தக் கணக்கில் உள்ள பணம் என் சொந்தப் பணம் அன்று, இன்ன நாடகத்தின் செலவுக்காக, குழுவின் சார்பில் நான் பொறுப்பேற்று வைத்திருக்கும் பணம்." அதற்கென்று தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். சம்பளக் கணக்கில் கலந்துவிட்டால், இந்த வரியை எழுதியிருந்தும் பிரித்துக் காட்டுவது கடினம். இரண்டு பேர் பெயரில் திறந்து, இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் கணக்கு என்னாகும் என்பதையும் வங்கியில் அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், எவ்வளவு வரை ஒருவரே முடிவெடுக்கலாம், அதற்கு மேல் யார் யார் சம்மதம் வேண்டும், ஒருவர் பாதியில் விலகினால் என்ன, நாடகம் நின்றுபோனால் மிச்சம் யாருக்கு, குறைந்தால் யார் போடுவது.

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். நீங்கள் லாபம் பார்க்கும் நோக்கத்தோடு சேர்ந்து தொழில் நடத்தினால், ஒரு தாளும் எழுதாமலேயே சட்டம் உங்களைத் தொழில் கூட்டாளிகள் என்று சொல்லிவிடலாம். இங்கே நடைமுறையில் இருக்கும் கூட்டுத்தொழில் சட்டம் 1890ஆம் ஆண்டினது. வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் லாபமும் சமபங்கு, நஷ்டமும் சமபங்கு என்கிறது அது. இரண்டு வசனம் பேசிவிட்டுப் போன தம்பிக்கும் அதே பங்குதானா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டாமா? லாப நோக்கம் இல்லையென்றால், பாக்கி கேட்டு வருபவர் கையெழுத்துப் போட்டவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். பணம் வராத ஒலி அமைப்பாளர், 20,000 வெள்ளி வரையிலான பாக்கிக்கு வழக்கறிஞர் இல்லாமலேயே, சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் சிறு கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஒருவர்தான். அந்தச் சுமையை மற்றவர்களும் பகிர்ந்துகொள்வோம் என்று நம் தாளில் ஒரு வரி இருக்கட்டும்.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து சங்கமாக இயங்கினால் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டும். அது வேறு கதை, இன்றைக்கு வேண்டாம்.

புகைப்படம் பற்றியும் ஒரு வார்த்தை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் நம்முடையது என்றே பலர் நினைக்கிறார்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை அந்தப் படத்தை எடுத்தவருக்குத்தான். அடுத்த ஆண்டு சுவரொட்டிக்கு அதே படம் வேண்டுமென்றால் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதத் தெரியவில்லை என்றால் ப்ரோ போனோ எஸ்ஜி என்ற அமைப்பு நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனையில் கேட்டுப் பாருங்கள். போகும்போது மானியக் கடிதத்தையும் எடுத்துப் போங்கள். செலவைப் பற்றி அதில் இருக்கும் நிபந்தனைக்கு மாறாக உங்களுக்குள் எதையும் எழுதிக்கொள்ளக் கூடாது.

நாங்கள் மறுபடி சேர்ந்தபோது, தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை எழுதினோம். ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. "குறைந்தால் யார் போடுவது" என்ற இடத்தில் மட்டும் தேநீர் ஆறிப்போகும்வரை யாரும் பேசவில்லை. கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். எங்கள் கணக்கில் ஒரு கையெழுத்து என்னுடையது. இன்னொன்று அண்ணியுடையது, அவராகவே முன்வந்து கேட்டு வாங்கிக்கொண்டார். ரசீதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போடுவதில்லை.

நன்றி, வணக்கம்.